மூட்டையைக் கொட்டிப் பார்க்க வேண்டாம் மாமா

புத்தூர்,
மாசி மாதம், வெள்ளிக்கிழமை,
கடையில் ஆள் இல்லாத மத்தியானம்.

நகரி நெசவாளர் தெருவில் தறி வைத்து நடத்துபவரும், என் ஒரே அக்காவின் கணவரும், எங்கள் குடும்பத்தில் எல்லோரையும் கேள்வி கேட்கும் உரிமை உள்ளவருமான உயர்திரு செங்கல்வராயன் மாமா அவர்களின் சமூகத்துக்கு,

மாட்டுத் தீவனக் கடை ஏகாம்பரம் இரண்டு கையையும் கூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும், ரத்னம்மாவும், மகள் பிரித்திகாவும், கடையும், கடையில் இருக்கிற எலக்ட்ரானிக் தராசும் ஏழுமலையான் தயவில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே தாங்களும், அலர்மேல்மங்கை அக்காவும், தறிகளும், கொட்டகையில் கட்டியிருக்கிற இரண்டு கறவை மாடுகளும் அதே மாதிரி இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு மேலே எழுதுகிறேன். போனில் பேசி முடிக்க வேண்டியதைப் பக்கம் பக்கமாக எழுதுகிறானே என்று நினைக்காதீர்கள். நான் போன் போட்டால் தாங்கள் எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் நீலக் கோடு விழுகிறது, பதில் விழுவதில்லை. கடிதத்தில் ஒரு சௌகரியம், பாதியில் கட் பண்ண முடியாது.

சண்டையை முதலிலேயே பேசி முடித்துவிடுகிறேன். வியாபாரத்தில் பழைய பாக்கி பேசாமல் புதுச் சரக்கு இறக்கக் கூடாது. போன வருஷம் தங்கள் மகன் கோகுலகிருஷ்ணன் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில், பந்தியில் எனக்கு எதிர் இலையில் உட்கார்ந்துகொண்டு தாங்கள் என்ன சொன்னீர்கள்? "ஏகாம்பரம், உம் பொண்ணு திருப்பதில மாட்டுக்குப் பின்னாடி பையப் புடிச்சிக்கினு நிக்கிறாளாமே? காத்தப் புடிக்கறதுக்கா இவ்ளோ படிப்பு?" என்றீர்கள். தமிழில் சிரிக்கிறவர்கள் தமிழில் சிரித்தார்கள், தெலுங்கில் சிரிக்கிறவர்கள் தெலுங்கில் சிரித்தார்கள். சாம்பார் வாளி வைத்திருந்த பையன்கூட வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். அப்போது நான், "தறிச் சத்தத்துல காது மட்டும்தான் போச்சின்னு நெனச்சேன் மாமா" என்று சொன்னது தப்புதான். வாயில் வடை இருந்தது, யோசிக்கவில்லை. அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். தங்கள் வார்த்தையைத் தாங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் அதில் ஒரு திருத்தம் இருக்கிறது, அதை மட்டும் கேளுங்கள்.

பின்னால் இல்லை மாமா. முன்னால்.

மாடு விடும் காற்றில் பெரும்பங்கு வாய் வழியாகத்தான் வருகிறது, ஏப்பமாக. இது எனக்கே தெரியாது. நாற்பது வயதுவரை தவிட்டு மூட்டையும் அதற்கப்புறம் தீவனக் கடையுமாக மாட்டோடேயே பிழைத்தவன் நான், மாட்டின் எந்தப் பக்கம் என்ன வருகிறது என்பது என் மகள் படித்து வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது. மாடு துன்னும் வைக்கோலும் புண்ணாக்கும் முதல் வயிற்றில் ஊறுகிறதாம், அங்கே கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் கோடிக்கணக்கில் குடியிருந்துகொண்டு அதைப் புளிக்க வைக்கிறதாம், அதிலிருந்து மீத்தேன் என்று ஒரு வாயு கிளம்பி மாடு அசைபோடும்போதெல்லாம் ஏப்பமாக வெளியே போகிறதாம். அந்த வாயு மேலே போய்ப் பூமிக்குக் கம்பளி போர்த்துகிறது, வெயில் ஏறுகிறது என்றாள். வெயில் நமக்குப் புதுசா என்று நான் கேட்டேன். அப்போது அவள் சொன்ன அடுத்த வார்த்தைதான் என்னை எழுந்து உட்கார வைத்தது. "நைனா, அந்த வாயு சும்மா வரல. மாடு துன்ன தீவனத்தோட சத்துல ஒரு பங்குதான் அப்பிடிப் போவுது." அதாவது மாமா, நான் விற்கிற கடலைப் புண்ணாக்கில் ஒரு பங்கு மாட்டுக்கும் போகாமல், பாலுக்கும் போகாமல், வானத்துக்குப் போகிறது! இத்தனை வருஷமாக நான் வானத்துக்கும் சேர்த்து எடை போட்டுக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த ஏப்பத்தைக் குறைக்கத்தான் அவள் ஒரு பொடி செய்கிறாள். மருந்து மாத்திரை இல்லை, எல்லாம் செடி கொடியிலிருந்து வருவது. மாங்கொட்டைப் பருப்பு, புளியங்கொட்டைத் தோல், பூண்டுத் தோல், இன்னும் இரண்டு மூன்று இலை. துவர்ப்பும் காரமுமாகச் சேர்ந்து வயிற்றுக்குள் இருக்கிற அந்தப் பூச்சிகளைக் கொஞ்சம் அடக்கி வைக்கிறது. இதைத் தீவனத்தில் ஒரு பிடி கலந்தால் போதும். யோசனை முழுக்க அவளுடையது, சரக்கு பிடித்துக் கொடுத்தது மட்டும் நான். சித்தூர்ப் பக்கம் மாம்பழக் கூழ் எடுக்கிற இடங்களில் சீசன் முடிந்தால் மாங்கொட்டை மலைபோல் கிடக்கும், எடுத்துப்போனால் போதும் என்று அவர்கள் கும்பிடுவார்கள். லாரி வைத்து எடுத்து வந்தேன். ஊறுகாய் போடுகிறவர்களிடம் பூண்டுத் தோல் வாங்கினேன். அதை எங்கள் வீட்டு மாடியில் அரைத்ததுதான் புரட்டாசி மாதமாகப் போய்விட்டது. தங்களுக்குத் தெரியும், ரத்னம்மா புரட்டாசி முழுக்கப் பூண்டு வெங்காயம் இல்லாமல் சனிக்கிழமை விரதம் இருப்பவள். பூண்டு வாசனை மாடிப்படி இறங்கி, கூடம் கடந்து, நேராகப் பூஜை அறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. "உம் பொண்ணோட பொடியா, எம் பெருமாளா, யாராச்சும் ஒருத்தர்தான் இந்த வீட்ல" என்றாள். மறுநாளே அரவை மெஷினைக் கடைக்குப் பின்னால் மாற்றினேன். பெருமாள் எங்கேயும் போகவில்லை. தெருவில்தான் யாரோ பிரியாணிக் கடை வருகிறது என்று புரளி கிளப்பினார்கள்.

பொடி ஆகிவிட்டது. அது வேலை செய்கிறதா என்று காட்ட வேண்டாமா? நாகலாபுரம் போகிற வழியில் ஓர் ஊரைப் பிடித்தார்கள். கீழத் தெரு மாடுகளுக்குப் பொடி கலந்த தீவனம், மேலத் தெரு மாடுகளுக்கு அதே தீவனம் பொடி இல்லாமல். இரண்டுக்கும் ஏப்பத்தை அளந்து வித்தியாசம் பார்ப்பது. தீவனம் மொத்தமும் நம் கடை. அளக்கிற மெஷின் வெளியூரிலிருந்து இரவல் வாங்கியது. டார்ச் லைட் மாதிரி இருக்கும், மாட்டு மூக்குக்கு நேராகப் பிடித்தால் பச்சைப் புள்ளி விழும், நம்பர் ஓடும். பிரித்திகா அதைப் பிடித்துக்கொண்டு மாட்டுக்கு முன்னால், மறுபடியும் சொல்கிறேன் மாமா, முன்னால், வெயிலில் அசையாமல் நின்றதை நான் ஒரு நாள் மறைந்திருந்து பார்த்தேன். ஒரு மாடு தலையை ஆட்டினால் முதலிலிருந்து மறுபடி பிடிக்க வேண்டும். அவளும் சலிக்காமல் பிடிக்கிறாள். கீழத் தெரு முனுசாமி பக்கத்தில் வந்து, "இன்னா பாப்பா, ஹைவேல போலீஸ் பிடிக்கிற மெஷின் கணக்கா கீது? ஏப்பம் ஜாஸ்தி விட்டா ஃபைன் போடுவீங்களா?" என்று கேட்டான். "ஃபைன் மாட்டுக்கு இல்லண்ணா, எங்க நைனாவுக்கு" என்றாள் அவள். வாய் அப்படியே என் அக்கா வாய்.

முதலில் எல்லாம் நன்றாகப் போனது. கீழத் தெரு ஏப்பம் இறங்கியது, மேலத் தெரு ஏப்பம் நின்ற இடத்தில் நின்றது. பிரித்திகா வீட்டுக்கு வந்தால் இரண்டு தோசை கூடச் சாப்பிட்டாள். அப்புறம் மெள்ள மெள்ள மேலத் தெருவும் இறங்க ஆரம்பித்தது. பொடியே போடாத மாடுகள் மாமா! கடைசியில் இரண்டு தெருவும் ஒரே நம்பர். அவளுக்கு வழிகாட்டும் பேராசிரியை தாட்சாயணி மேடம் கணக்கைப் பார்த்துவிட்டு, "பொடி போட்டதும் போடாததும் ஒண்ணா இருந்தா பொடியால ஒண்ணும் ஆவலன்னுதானே அர்த்தம்?" என்று சொல்லிவிட்டாராம். பிள்ளை வந்து முகம் கழுவாமல் படுத்துவிட்டது. நான் சும்மா இருக்க முடியுமா? நேராகத் திருப்பதி போனேன். மேடம் நல்ல மாதிரி. என்னை உட்கார வைத்து, தெலுங்கில், "ஏகாம்பரம் காரு, மேலத் தெருவுக்கு யாருக்காவது இந்தப் பொடி அம்மாரா?" என்று கேட்டார், விற்றீர்களா என்று. "அம்மலேது மேடம்" என்றேன். என் தராசு சாட்சியாக, விற்கவில்லை. ஒரு பொட்டலம் விற்கவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்லிவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் பிரித்திகா கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மேலத் தெரு செங்கம்மா தீவனம் வாங்க வந்தாள். பில் போட்டு, மூட்டை வாயைக் கோணி ஊசியால் தைத்துத் தள்ளினேன். அவள் நகரவில்லை.

"இன்னாண்ணா, வாயத் தச்சிட்ட? இந்த வாட்டி அது போடல?"

"எது?" என்று கேட்டது நான் இல்லை, பிரித்திகா.

நான் மகளின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டுகிறேன். செங்கம்மா அதை ஸ்டாக் இல்லை என்று புரிந்துகொண்டாள்.

"தீந்துபோச்சா? அடடா. அதான் கண்ணு, உங்க நைனா மூட்டைக்கி ஒரு பாக்கெட்டு கொசுறு போடுவாரே, பூண்டு வாசன அடிக்குமே, அது. எம் மாடு அத மோந்தாத்தான் தொட்டில வாயே வெக்கிது. எங்க தெரு பூரா அப்பிடித்தான் பழகிக்கினு கீது."

பிரித்திகா கம்ப்யூட்டரை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நைனா. நீ விக்கலன்னு மேடம்கிட்ட சொன்னியே."

"விக்கலியே கண்ணு. காசு வாங்கினாத்தான வித்தது? இது கொசுறு."

"காசு குடுத்ததா குடுக்காததான்னு மாட்டு வயித்துக்குத் தெரியுமா நைனா?"

செங்கம்மாவை வைத்துக்கொண்டே இப்படிக் கேட்டாள் மாமா. ஆனால் நடந்தது என்ன என்று தாங்களாவது கேட்க வேண்டும். மேலத் தெருப் பொம்பளைகள் கூட்டமாக வந்து நின்றுகொண்டு, "கீழத் தெரு மாட்டுக்கு மட்டும் பொடி போட்ட தீவனம், எங்க மாட்டுக்கு வெறுந் தவிடா? எங்க மாடு இன்னா பாவம் பண்ணிச்சி?" என்று கேட்கிறார்கள். பத்து வருஷ வாடிக்கை. அரவை மெஷின் பக்கத்தில் பொடி பாக்கெட்டுகள் கிடக்கின்றன. கை தானாகப் போகிறது. நான் இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து மூட்டை வாயைத் தைப்பதற்கு முன்னால் ஒரு கை அள்ளிப் போடாமல் விட்டதில்லை. தராசு காட்டுவது சரக்கு, அதற்கு மேல் விழுகிற ஒரு பிடிதான் ஏகாம்பரம். பக்கத்தில் எத்தனை கடை வந்தது, எத்தனை கடை போனது, நான் நின்றது அந்த ஒரு பிடியால். கொசுறு பில்லில் ஏறாது, ஸ்டாக்கில் கழியாது, வருமான வரிக்காரனுக்கும் தெரியாது. ஆராய்ச்சியில் அது ஏறும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

மேடம் வந்து கேட்டுவிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிரித்திகாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கம்ப்யூட்டரில் கோடு போட்டுக் காட்டினார்கள். நான் மேலத் தெருவுக்குக் கொசுறு போட ஆரம்பித்த வாரத்திலிருந்து மேலத் தெருக் கோடு படியிறங்குகிறது. "சூடண்டி, பாருங்க, பொடி வேலை செய்யுதுன்னு உங்க கொசுறே சாட்சி சொல்லுது. ஆனா இத நான் எங்க போய் எழுதறது?" என்றார் மேடம். அதைக் கேட்டதும் எனக்கு ஒரு நிமிஷம் மார்பு விம்மியது. கெடுத்ததிலும் ஒரு நிரூபணம் கொடுத்திருக்கிறேன் பாருங்கள். மகள் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பெருமையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். நான் சொன்னேன், கண்ணு, வேலை செய்யுதுன்னு நமக்குத்தான் தெரிஞ்சிபோச்சே, பாக்கெட்டில் மாட்டுப் படம் போட்டு, ஏப்பம் குறையும் பால் கூடும் என்று அச்சடித்து இப்போதே இறக்கிவிடலாம், ஆந்திரா தமிழ்நாடு இரண்டிலும் நான் ஓட்டிக் காட்டுகிறேன் என்று. வியாபாரி வேறு என்ன சொல்வான்? அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏப்பம் கொறையுதான்னு இன்னும் ஒழுங்காக் காட்டல. பால் கூடுமான்னு நான் பாக்கவே இல்ல. காட்டாதத எம் பேர்ல விக்காத நைனா" என்றாள். என் கடையில் என்னை நிறுத்தி, என் சரக்கைப் பற்றி, என்னிடமே அப்படிச் சொன்னாள். மாமா, இத்தனை வருஷத்தில் எத்தனையோ லோடு இறக்கியிருக்கிறேன். இப்படி ஒரு சரக்கு என் வீட்டில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. காற்றைப் பிடிக்கிறாள் என்று பந்தியில் சிரித்தவர்கள் எல்லோரையும் கூப்பிட்டு அந்த நிமிஷத்தைக் காட்ட வேண்டும்போல் இருந்தது. முதல் வரிசையில் தங்களை உட்கார வைத்திருப்பேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது கடிதத்தின் காரியத்துக்கு வருகிறேன். இன்னொரு தடவை அளந்து காட்ட மேடம் ஒப்புக்கொண்டார். இதுதான் கடைசி. இரவல் மெஷின் பங்குனி முடிவதற்குள் வேறு ஊருக்குப் போகிறது. இந்தத் தடவையும் கெட்டால் பிரித்திகாவின் பொடி வெறும் பூண்டு வாசனையோடு முடிந்தது, அவள் வேறு எதையாவது எழுதிப் படிப்பை முடிக்க வேண்டியதுதான். கீழத் தெரு அப்படியே இருக்கட்டும், பொடி துன்னாத மாடுகள்தான் புதிதாக வேண்டும் என்றார்கள். அங்கேதான் சிக்கல். புத்தூரைச் சுற்றி என் கொசுறு போகாத கொட்டகை இல்லை. பிரித்திகா ஊர் ஊராக விசாரித்தாள். எங்கே போனாலும், "ஏகாம்பரம் அண்ணன் பொடியா? ஆங், பூண்டு வாசன, தெரியும் தெரியும்" என்கிறார்கள். என் வியாபாரம் இவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று எனக்கே அப்போதுதான் தெரியும். கடைசியில் மேடம் கேட்டார், "உங்க அப்பாகிட்ட ஒரு பிடி தவிடுகூட வாங்காத தெரு எங்கயாச்சும் இருக்கா?" பிரித்திகா யோசிக்கவே இல்லை. "இருக்கு மேடம். நகரில எங்க அத்த தெரு. மாமா கோவத்துல ஒரு வருஷமா நைனா கடைப் பக்கமே யாரையும் விடல."

பாருங்கள் மாமா, நம் சண்டை எவ்வளவு சுத்தமான சண்டை! தங்கள் கோபத்தால்தான் தங்கள் தெரு மாடுகள் ஒன்றும் கலப்படம் இல்லாமல் ஆராய்ச்சிக்குத் தகுந்தபடி இருக்கின்றன. வேறு எந்த மாப்பிள்ளையாவது கோபித்துக்கொண்டு உலகத்துக்கு இப்படி ஓர் உபகாரம் செய்திருப்பாரா?

அதனால் இன்று காலை மூட்டைகள் டெம்போவில் கிளம்பிவிட்டன, வழியில் மற்ற லோடுகளை இறக்கிவிட்டுச் சாயங்காலம் வந்து சேரும், அதற்குள் இந்தக் கடிதத்தை யார் கையிலாவது கொடுத்தனுப்புகிறேன். தங்கள் தெருவில் மாடு வைத்திருக்கிற எல்லா வீட்டுக்கும் ஒவ்வொன்று, தங்களுக்கு இரண்டு. நாளைக் காலையிலிருந்து மாடுகளுக்கு அதைத்தான் வைக்க வேண்டும். இதில் பொடி இருக்காது. வெறும் தீவனம்தான். இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன். மைத்துனன் வீட்டிலிருந்து வருகிற மூட்டையில் வெறும் தவிடா, முனுசாமி மாட்டுக்குப் பொடி, செங்கல்வராயன் மாட்டுக்குப் பொடி இல்லையா என்று தங்களுக்குத் தோன்றும். தோன்றத்தான் செய்யும். எனக்கே எழுதக் கை கூசுகிறது. ஆனால் மேடம் சொன்னதைச் சொல்கிறேன், பொடி துன்னாத மாடு இல்லாவிட்டால் பொடி துன்ன மாட்டுக்கு மதிப்பே இல்லை. தங்கள் மாடுகள் பொடி துன்னாமல் நின்றால்தான் பிரித்திகாவின் கணக்கு நிற்கும். தாங்கள் ஒத்துக்கொண்டால் தெருவே ஒத்துக்கொள்ளும், தாங்கள் மூக்கைச் சுளித்தால் ஒரு மூட்டை உள்ளே போகாது, இது நகரி முழுக்கத் தெரியும்.

இன்னொன்று. இது கொஞ்சம் கஷ்டமான வேண்டுகோள். என் அக்காவைத் தங்களுக்குக் கொடுத்த நாளிலிருந்து நான் அனுப்பிய எந்த மூட்டையையும் தாங்கள் வாசலில் கொட்டிப் பார்க்காமல் உள்ளே விட்டதில்லை. வேர்க்கடலை மூட்டையில் அகப்பட்ட ஒரு கல்லைக் கண்ணாடி அலமாரியில், கோகுலகிருஷ்ணன் வாங்கிய கப்புக்குப் பக்கத்தில் வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் "மச்சான் சீர்" என்று காட்டிக்கொண்டிருக்கிறீர்கள். நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் இந்த ஒரு தடவை மட்டும் மூட்டையைக் கொட்டிப் பார்க்க வேண்டாம். பிரித்திகா ஒவ்வொன்றையும் தானே எடை போட்டு, தானே கலந்து நிரப்பியிருக்கிறாள். கொட்டினால் உப்பு தனியாகவும் தவிடு தனியாகவும் பிரிந்துவிடும், கலவை போய்விடும். மேலே இருந்து அப்படியே அள்ளி வையுங்கள். வாயைத் தைத்தது நான். என் கையால் தைத்தேன், ஒரு தூசி அதிகம் போடவில்லை. கொசுறையே விட்டுவிட்டேன் மாமா. தராசைத் தொட்டு மகளுக்குச் சத்தியம் செய்து கொடுத்து, நேற்று வரைக்கும் ஒரு வாடிக்கைக்காரனுக்கும் ஒரு பிடி போடவில்லை. முனுசாமி வந்து, "கடைய வித்துட்டியாண்ணா? ஓனர் மாறிட்டாரா?" என்று கேட்டான். பல்லைக் கடித்துக்கொண்டேன். பிள்ளைக்காக ஒரு தகப்பன் எதை எதையோ விடுகிறான், நான் கொசுறை விட்டேன், சின்ன விஷயமா? ஆகையால் ஏகாம்பரத்தின் மூட்டையை வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை நம்புங்கள். திங்கட்கிழமையிலிருந்து பிரித்திகா மெஷினோடு வருவாள். மாட்டுக்கு முன்னால் நிற்பாள். அவள் நிற்பதைத் தாங்கள் ஒரு தடவை பார்த்தால் போதும், அதற்கப்புறம் எந்தப் பந்தியில் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். திருமலைக்கு அலிபிரியிலிருந்து படியேறுகிறேன் என்று வேண்டிக்கொண்டிருந்தாளே, முழங்காலுக்குத் துணி கட்டிக்கொண்டு ஏறச் சொல்லுங்கள். கோகுலகிருஷ்ணனுக்கும் மருமகளுக்கும் ஆசீர்வாதம். தறிகளுக்கு நூலும், நூலுக்கு விலையும், தங்களுக்குக் கோபம் குறைந்த ஆயுசும் ஏழுமலையான் கொடுக்கட்டும்.

தங்கள் வீட்டுப் பெண்ணைக் கட்டாமல் தங்களுக்குப் பெண் கொடுத்த பாவத்துக்கு என்றும் பணிந்திருக்கும்,
கோ. ஏகாம்பரம்

பின்குறிப்பு: மாமா, கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்துவிட்டேன். திரும்பப் பிரித்து எழுதுகிறேன். ரத்னம்மா சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்தவள், "இன்னாங்க, கல்லாப் பக்கத்துல கீழத் தெருவுக்குன்னு புள்ள டப்பா நெறைய பொடி பாக்கெட்டு வெச்சிட்டுப் போச்சே, காலியாக் கீது?" என்றாள். எலி என்றேன். "எலி இல்ல. காலைல நீங்க நகரி மூட்டையத் தச்சிக்கினு இருந்தீங்க, ஒவ்வொரு மூட்டைக்கும் கை டப்பாவுக்குப் போயிட்டுப் போயிட்டு வந்திச்சி. நூல் எடுக்கறீங்கன்னு நெனச்சேன்" என்றாள். நூல் என் தோளில் இருந்தது மாமா. நான் போடவில்லை. என் கை போட்டிருக்கிறது. அதுவும் அக்கா வீட்டு மூட்டை என்றதும் கை சும்மா இருக்குமா?

டெம்போ போய்விட்டது. டிரைவர் போனை எடுக்கவில்லை. அக்கா படியேறிக்கொண்டிருக்கிறாள்போல, லைன் கிடைக்கவில்லை. தாங்கள் எடுக்கவே மாட்டீர்கள். பக்கத்துக் கடை பிரபாகர் பைக்கில் கிளம்புகிறான், அவன் கையில் இதைக் கொடுக்கிறேன். மேலே மூட்டை பற்றி எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். கொட்டுங்கள் மாமா. வாசலில் கொட்டுங்கள். தெருவில் எல்லா வீட்டுக்கும் போய்க் கொட்டச் சொல்லுங்கள். என் மூட்டையை நம்பாமல் கொட்டிப் பார்ப்பதில் தங்களுக்கு இருக்கிற அனுபவம் நகரியில் வேறு யாருக்கும் கிடையாது. பாக்கெட்டுகளை எடுத்து அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் அலமாரியில் வைத்துவிட்டு, தீவனத்தை நன்றாகக் கலந்து மறுபடி கட்டச் சொல்லுங்கள். கலந்து முடிந்ததும் எனக்கு ஒரு போன் போடுங்கள், முதல் மணியிலேயே எடுப்பேன். பிரித்திகாவிடம் நானே சொல்லிவிடுகிறேன், அவளிடம் இனிமேல் எதையும் மறைக்க எனக்குத் தைரியம் இல்லை.

மொத்தம் எத்தனை பாக்கெட் என்று மட்டும் கேட்காதீர்கள். கொசுறை எண்ணிப் போடும் பழக்கம் எனக்கு இல்லை.